தோழி கூற்று: இரவுப் பணி

ஓல்ட்டன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
அதிகாலை மூன்று நாற்பதுக்குப்
பதினைந்து நிமிட ஓய்வு.
அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான்
நான் மீம் செய்கிறேன்.

முதலில் செய்தது வளையல்.
பிரிவில் மெலிந்தவளின் கைவளை
கழன்று விழும் என்பது
ஈராயிரம் வருடத்துப் பழைய செய்தி.
வளையை எடுத்துவிட்டு
நடந்த அடிகளை எண்ணும் கடிகாரத்தை மாட்டினேன்.
தலைவி வாடுகிறாள், பட்டி நழுவுகிறது,
கடிகாரம் கேட்கிறது:
"எழுந்து நிற்க நேரமாகிவிட்டது.
இன்றைய இலக்குக்கு இன்னும் ஆறாயிரம் அடி."

அடுத்து பசலை.
மேனியெங்கும் மஞ்சள் பூத்தவளிடம்
கைபேசி பணிவாக:
"வெளிச்சம் போதவில்லை. ஃபில்டர் போடவா?"

பாணனைத் தோழி
வாசலில் மறிக்கவில்லை, பிளாக் செய்தாள்.
அவன் யாழும் கையுமாக
வேறு நம்பரில் வருகிறான்.

மகள் அவனோடு போய்விட்டாள்.
செவிலி திரையைத் தேய்க்கிறாள்.
கடைசியாகக் காணப்பட்டது:
நேற்று, நண்பகல், பாலை.

சூரிச்சில் ஒருத்தி
அழுதழுது சிரிக்கும் முகங்கள் ஒன்பது அனுப்பினாள்.
பேர்ணில் ஒரு தமிழ் வாத்தியார்
விடுபட்ட ஒற்றைச் சுட்டிக்காட்டினார்.
சிரித்தாரா என்று சொல்லவில்லை.

கார்காலத்துக்கு வந்தேன்.
மழைக்கு முன் வருவேன் என்று போனவன் வரவில்லை.
வானிலைச் செயலி: மழை, தொண்ணூறு வீதம்.
தோழி: "அதை நம்பாதே,
அப்டேட் பண்ணாத செயலி."

அனுப்பி ஐந்து நிமிடம் இல்லை,
உலர்த்தும் இயந்திரங்களுக்கு நடுவால் வந்தாள் அபிராஜினி.
"என்ர ஃபோனை எப்பயடி பார்த்தனீ?"

எனக்குத் தெரியாது.
தெரிந்திருக்க வேண்டும், ஒரே ஷிஃப்டில் இரண்டு வருடம்.
ரமணீதரன் வவுனியாவில்.
மாரிக்கு முன்னம் வந்திடுவன் என்றானாம்,
அது போன மாரி.
குடிவரவு அலுவலகம் திருமணச் சான்றிதழ் கேட்டது,
பிறகு அதன் மொழிபெயர்ப்பு,
பிறகு மொழிபெயர்ப்பில் இருந்த முத்திரையின் மொழிபெயர்ப்பு.

மடிக்கும் இயந்திரம் அன்றைக்குப் பழுது.
விரிப்புகளைக் கையால் மடித்தோம்.
அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை,
கிட்ட வந்து, விரல் பட்டு,
விலகி, மறுபடி.
யன்னலுக்கு வெளியே
விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சரிந்துகொண்டிருந்தது.

"மழை," என்றாள்.

மீமில் எழுதுவது சுலபம்.
"இது மழையில்லையடி. ஆரே ஆற்றுப் பனி."
"நிலம் நனையுதே."
"எங்கட ஆவிதான், குழாயால வெளிய போகுது."
"சத்தம் கேக்குது."
"இந்த நாட்டில மழைக்குப் பருவமே இல்லை,
வருசம் முழுக்கப் பெய்யும்.
பருவமே இல்லாத இடத்தில
ஒருத்தன் பிந்தினான் எண்டு எப்பிடிச் சொல்லுவாய்?"

விரிப்பை மார்போடு அணைத்தபடி
குந்தியிருந்து சிரித்தாள்.
சிரிப்பு நிற்க நேரமெடுத்தது,
நின்ற பிறகும் எழும்பவில்லை.

அப்போது அவள் பையில் ஒரு குரல்பதிவு.
வவுனியாவில் காலை, நல்ல வெயில்,
பின்னால் ஒரு ஆட்டோ, ஒரு காகம்.
ஜெர்மன் மூன்றாம் பாடத்தை
அவன் நிறுத்தி நிறுத்தி ஒப்பிக்கிறான்:
"எஸ் ரேக்னெட்."
மழை பெய்கிறது.
"எஸ் ரேக்னெட். சரியோ அபி?"

நான் மற்ற விரிப்பை எடுத்தேன்.

அந்த மீமை அழிக்கலாம் என்று இருந்தேன்.
விடியுமுன் அவளே
தன் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டாள்,
அடியில் ஒரு குறிப்போடு:

*விசாப் பிந்தியவழி, மழை கண்டு ஆற்றாளாகிய தலைவிக்குச்
சலவைக்கூடத்துத் தோழி, இது மழையன்று எனப் பொய்யுரைத்தது.
தலைவி நம்பினாள் போலும்.
மடித்த விரிப்பு நூற்று நாற்பது.*